வெள்ளவாய்க்கால் சிவக்கொழுந்து

எட்டுப் பேருடைய வயல்களை ஊடறுத்துக்கொண்டு போய்க் கடற்கரைத் தரவை வெளியில் விழுகிற வெள்ளவாய்க்கால் ஒன்று புளியங்கூடலில் இருந்தது. அதைப் பராமரிக்க ஒரு சங்கமும் இருந்தது. சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், உறை போட்ட கூட்டப் புத்தகம், றப்பர் முத்திரை எல்லாம் இருந்தன. மண்வெட்டி மட்டும் இல்லை. அது செயலாளரின் மனைவி சிவக்கொழுந்திடம் இருந்தது.

அவள் கரம்பொனில் பிறந்தவள். தகப்பன் புளியங்கூடலில் வாங்கி வைத்திருந்த பன்னிரண்டு பரப்பு வயலைச் சீதனமாகக் கொண்டு வைத்திலிங்கத்தைக் கட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் வயலைப் பார்க்க வந்தது வைகாசி மாதம். வெடித்துக் கிடந்த தரையில் செருப்புக் காலோடு ஒரு சுற்று நடந்து, நல்ல பள்ளக்காணி, ஈரம் நிற்கும் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஈரம் நிற்பது என்றால் என்னவென்று அவள் முதல் கார்த்திகையிலேயே கண்டுகொண்டாள். மேலே ஏழு பேருடைய வயலில் பெய்த மழை முழுவதும் இறங்கி வந்து அவளுடைய வயலில் தங்கிவிட்டது. முதலில் பயிரின் நுனி தெரிந்தது. பத்தாம் நாள் அதுவும் தெரியவில்லை.

மழைக்கு முதல், ஆவணியில், அவரவர் காணிக்கூடாகப் போகிற வாய்க்கால் துண்டை அவரவர் துப்புரவாக்க வேண்டும் என்பது ஊர் ஒழுங்கு. எல்லாரும் செய்யத்தான் செய்தார்கள். கத்தியைக் கொண்டுபோய்க் கோரைப் புல்லின் தலையை மட்டும் வெட்டிவிட்டு, வாய்க்காலுக்குத் தலைமயிர் வெட்டிவிட்டதுபோல் எட்டி நின்று பார்த்துவிட்டு வருவார்கள். அடியிலே கிடக்கும் சேறும் வேரும் அப்படியே கிடக்கும். வெட்டிய புல்லையும் அள்ளுவதில்லை. அது மிதந்து வந்து சிவக்கொழுந்தின் வரம்பில் அடையும்.

அவள் புருஷனிடம் சொன்னாள். வைத்திலிங்கம் கந்தோரில் கிளாக்கர். நல்ல கையெழுத்து. அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கனம் பொருந்திய ஐயா என்று தொடங்கி, மேற்படி வாய்க்கால் தூர்ந்துபோயுள்ளமையைத் தயவுடன் அறியத்தருவதாக அரசாங்கத்துக்கு நான்கு பக்கம் எழுதினார். பிரதியைக் கோவையில் வைத்தார். மறுமொழி வராதபோது, முன்னைய கடிதத்தைச் சுட்டி இன்னொன்று எழுதினார். கோவை தடித்துக்கொண்டே போயிற்று. கோரைக்கு வாசிக்கத் தெரியுமோ என்று அவள் ஒரு நாள் கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாத இடங்களில் அவர் அதைத்தான் செய்வார்.

அடுத்த ஆவணியில் அவள் சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு தானே வாய்க்காலுக்குள் இறங்கினாள். கிளாக்கரின் பெண்சாதி சேற்றுக்குள் நிற்கிறாள் என்று ஊர் கதைத்தது. கோயிலடியில் பெண்கள் அவளுடைய நகங்களைப் பார்த்தார்கள். அவள் கையை ஒளிக்கவில்லை. கதைத்தவர்கள் எல்லாரும் அவள் வெட்டிய வாய்க்காலால் வடிந்த வயலில் விளைந்ததைத்தான் தின்றார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவர்களை நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் ஒரு தகுதி வேண்டும் என்பது அவள் எண்ணம்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் பதுளையில் கடை வைத்திருந்த பரராசசிங்கம் எல்லாவற்றையும் இழந்து, காங்கேசன்துறைக்கு வந்த கப்பலில் மனைவியோடும் ஒரு பெட்டியோடும் வந்திறங்கினார். ஊர் திரண்டு போய்த் துக்கம் கேட்டது. சிவக்கொழுந்தும் ஒரு கிழமை சோறு சமைத்து அனுப்பினாள். ஆனால் ஒரு கிழமைக்குத்தான். அதற்குள் மனிதர் ஊர் வெயிலையும் ஊர்த் தண்ணீரையும் ஊர் மீனையும் குறை சொல்லத் தொடங்கிவிட்டார். முப்பது வருடமாகத் திருவிழாவுக்கு மட்டும் வந்து போனவருக்குத் தன் காணியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாது.

வெளிநாட்டிலிருந்த மகனின் உதவியோடு அடுத்த வருடம் அவர் மதில் கட்டினார். வான் வண்டி உள்ளே வருவதற்கு வாய்க்காலின் தன் பங்கை மண்போட்டு நிரவி, அடியில் ஒன்பது அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்தார். ஐந்தடி அகல வாய்க்காலுக்கு ஒன்பது அங்குலக் குழாய். பட்டணங்களில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சங்கத்துக்குச் சொன்னார். சங்கம் தலையாட்டியது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. குழாயை வைக்கோல் அடைத்துவிட்டது. மேலே தேங்கிய வெள்ளம் வரம்புகளை உடைத்துக்கொண்டு குறுக்கே பாய்ந்து, மணலும் சல்லியுமாகச் சிவக்கொழுந்தின் பயிர்மேல் வந்து படிந்தது. சங்கம் அவசரக் கூட்டம் கூடியது. கூடிய இடம் பரராசசிங்கத்தின் புது விறாந்தை. வடையும் சோடாவும் கொடுத்தார்கள். குழாயின் அளவு போதுமா என்று பொறியியலாளர் ஒருவரிடம் எழுதிக் கேட்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். வைத்திலிங்கம் மனைவிக்கென்று ஒரு வடையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார். அவள் அதை வாங்கி ஆட்டுக்குப் போட்டாள்.

அடுத்த நாள் காலை அலவாங்கும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனாள். நிரவிய மண் பச்சை மண். ஒரு மணித்தியாலத்தில் குழாய் வெளியே தெரிந்தது. அலவாங்கால் அதை நெம்பிப் பிளந்தாள். தேங்கி நின்ற தண்ணீர் ஒரே பாய்ச்சலாகப் போனபோது மதிலின் ஓரத்தில் இரண்டு பாக நீளம் சரிந்து விழுந்தது. அந்த மதிலின் அத்திவாரம் வாய்க்காலுக்குள்தான் இருந்தது.

சத்தம் கேட்டுப் பரராசசிங்கம் வெளியே வந்தார். சரிந்த கற்களைக் குனிந்து பார்த்தார்.

"பதுளையிலை என்ரை கடையை உடைக்கேக்கை றோட்டிலை நிண்டு பாத்தனான்," என்றார் பிறகு. "சொந்த ஊரிலையும் நிண்டு பாக்க வைச்சிட்டீர்."

சிவக்கொழுந்து நிமிர்ந்தாள். "அங்கை உடைச்சவங்களிட்டை உந்தக் குரலிலை கேட்டனீங்களோ, அண்ணை? இல்லைத்தானே. என்னட்டை மட்டும் வந்து கேக்கிறியள்."

அவருடைய முகம் ஒரு கணத்தில் கிழடு தட்டியது. திரும்பி உள்ளே போய்விட்டார். சொல்லி முடித்ததும் அவளுக்கு வாய் கசந்தது. கூப்பிட்டு வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அடியில் கிடந்த கல்லை எடுக்க வேண்டியிருந்தது. அவள் குனிந்துகொண்டாள். மதிலை அவர் திருத்தவில்லை. வாய்க்காலையும் திரும்ப மூடவில்லை. வீதியில் அவளைக் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போனார்.

வாய்க்கால் தரவையில் விழுகிற இடத்தில் ஒரு மதகு இருந்தது. இரு பக்கமும் சீமெந்துச் சுவர். அதில் வெட்டியிருந்த தவாளிப்பில் ஆறு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கலாம். கோடையில் கடல் உள்ளே வராமல் பலகை போட்டிருக்கும். மாரியில் வெள்ளம் வடியப் பலகையை எடுக்க வேண்டும். ஆனால் வாடைக்காற்று கடலைத் தூக்கிக்கொண்டு வரும் நாட்களில் மறுபடி போட வேண்டும். இதைப் பார்த்துக்கொண்டது குருசுமுத்து என்கிற கடற்றொழிலாளி. அறுவடைக்குப் பிறகு சங்கம் அவனுக்கு இரண்டு மூட்டை நெல் கொடுக்கும்.

எண்பத்தைந்தில் ஒரு நாள் வயலில் முழங்கால் தண்ணீர் நிற்க, பலகை ஆறும் போட்டபடி கிடந்தது. குருசுமுத்து பக்கத்துப் பனையடியில் படுத்திருந்தான். கள்ளு மணத்தது. எழுப்பிக் கேட்டபோது, வெளியே கடல் உயரமாக நிற்கிறது, எடுத்தால் உப்புத்தான் வரும், கடல் இறங்குகிற வத்துக்குக் காத்திருக்கிறேன் என்றான். குடிகாரன் பொய் சொல்லுகிறான் என்று அவள் முடிவு கட்டினாள். சங்கத்துக்குப் போய், படுத்துக் கிடக்கிறவனுக்கு நெல் கொடுக்கிறதா என்று கேட்டாள். இரண்டு மூட்டை மிச்சம் என்று கண்டதும் சங்கத்துக்கு ஒரு நாளும் இல்லாத வேகம் வந்தது. ஐந்து நிமிடத்தில் குருசுமுத்துவை நிறுத்தி, பலகைப் பொறுப்பைச் சிவக்கொழுந்திடமே கொடுத்தார்கள். அவளுக்குச் சம்பளம் என்று ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவர்களிடம் கேட்பதே கேவலம் என்று நினைத்தாள்.

அந்த வருடம் தப்பிவிட்டது. எண்பத்தாறு கார்த்திகையில் மழை பலமாகப் பெய்து, பலகை எல்லாம் எடுத்து, வயல் அழகாக வடிந்துகொண்டிருந்தது. பகல் பத்து மணியளவில் குருசுமுத்து அவளுடைய படலையடியில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அக்கா, பலகையை இறக்குங்கோ. காத்து மாறிப்போச்சு. பின்னேரம் கடல் ஏறும்."

"இன்னும் அரைவாசித் தண்ணி நிக்குது. இப்ப இறக்கினால் பயிர் அழுகும்," என்றாள் அவள். "நீ போய் உன்ரை வலையைப் பார்."

"நான் நெல்லுக்காக வரேல்லை."

"வந்தாலும் கிடையாது."

அவன் தரவைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு போனான். வைத்திலிங்கம் திண்ணமாக ஒன்றும் சொல்லாமல், கடலைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கலாம் என்று மட்டும் முணுமுணுத்தார். கடிதம் எழுதிக் கடலிடமே கேட்டுவிடுங்களேன் என்று அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

விடிந்து அவள் போனபோது வாய்க்கால் நிரம்பி நின்றது. தண்ணீர் மேலே நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. அவளுடைய வரம்புக்கு மேலாகவும் போய், பக்கத்துக் காணிக்காரர் இராசமணியின் வயல் தாண்டி, ஐந்தாவது காணி வரைக்கும் ஏறியிருந்தது. அவள் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். துப்பினாள். அதன்பிறகு பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். உள்ளே வந்த உப்பு உள்ளேயே நிற்கும் என்று ஆறாவது பலகை இறங்கிய பிறகுதான் விளங்கியது. திரும்ப எல்லாவற்றையும் எடுத்தாள். அவள் வாழ்க்கையில் தடுமாறிக்கொண்டு வேலை செய்த நாள் அது ஒன்றுதான். நான்காம் நாள் பயிரின் நுனி மஞ்சளாகி, பிறகு நெருப்பு வைத்ததுபோல் கருகியது.

இந்த முறை கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வாய்க்காலில் ஒரு கடகம் சேறு அள்ளாதவர்களுக்கெல்லாம் நாக்கு முளைத்திருந்தது. பெண்பிள்ளை கையில் பலகையைக் கொடுத்தது யார் என்று கேட்டார்கள், கொடுத்தவர்களே. வைத்திலிங்கம் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். மனைவியைத் திட்டியதையும் அழகான கையெழுத்தில் எழுதினார். அவள் சுவரோரம் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தாள். இவர்களிடம் பேச்சு வாங்குவது தெருநாய் குரைப்பதைப் போலத்தான் அவளுக்கு இருந்தது.

அப்போது பரராசசிங்கம் எழும்பினார். இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்ததை இப்போது கொட்டப் போகிறார் என்று அவள் தயாரானாள்.

"அந்த மனுசியை விடுங்கோ," என்றார் அவர். "அவவுக்கும் அழிஞ்சுதானே போச்சு. பேசி என்ன செய்யிறது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவும் இல்லை. சபை அடங்கிவிட்டது. சிவக்கொழுந்துக்குக் காது சுட்டது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த மனிதரிடமிருந்து இரக்கம் வாங்கியதைத் தாங்க முடியவில்லை. அவள் அதுவரை மற்றவர்களுக்கென்று வைத்திருந்த பார்வை, அன்று குசினிச் சுவரில் தொங்கிய கண்ணாடியில் அவளையே பார்த்தது.

சங்கம் குருசுமுத்துவை மறுபடி கூப்பிட்டது. அவன் வரவில்லை, சங்கத்துக்கு வேலை செய்ய நான் ஆளில்லை என்று சொல்லி அனுப்பினான். அதில் இருந்த அலட்சியம் சிவக்கொழுந்துக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் கழித்து அவள் கரையோரம் இருந்த அவன் வீட்டுக்குப் போனாள். அவன் முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வருகிற சொல் அல்ல. படலையடியில், அவன் அன்று நின்றதைப்போலவே வெளியே நின்றுகொண்டு, நாளைக்கு வாடை எப்படி என்று கேட்டாள். அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், மத்தியானத்துக்குப் பிறகு அடங்கும் என்றான். அவள் திரும்பி வந்தாள்.

இதுவே வழக்கமாயிற்று. மாரியில் தினமும் ஒரு தடவை போவாள், ஒரு கேள்வி கேட்பாள், வருவாள். பலகையை அவள்தான் போடுவாள், எடுப்பாள். உப்பைக் கழுவ வயலுக்குள் குறுக்கும் மறுக்குமாகச் சின்ன வடிகால் கான் வெட்டி, இரண்டு மாரி மழையை அதற்கூடாக ஓடவிட்டாள். எண்பத்தொன்பது தையில் மொட்டைக்கறுப்பன் நெல் பழையபடி விளைந்தது. தன் பங்கிலிருந்து இரண்டு மூட்டையைக் குருசுமுத்து வீட்டில் இறக்கிவிட்டு வந்தாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை.

இதற்கிடையில் காணிக்காரர் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். முதலில் பரராசசிங்கம் கனடாவுக்குப் போனார். பிறகு சங்கத் தலைவர் கொழும்புக்கு. போகிறவர் யாரும் தன் வாய்க்கால் துண்டை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அது தானாக அவளிடம் வந்து சேர்ந்தது. தொண்ணூறில் எட்டுத் துண்டில் ஆறை அவள் வெட்டினாள். பழைய தலைவர் கொழும்பிலிருந்து வைத்திலிங்கத்துக்கு எழுதிய கடிதத்தில், வாய்க்காலைக் கவனமாகப் பார்க்கவும், கரையில் இருக்கும் தன் பூவரச மரத்தின் வேரை வெட்ட வேண்டாம் என்றும் இருந்தது. அவள் அன்று பின்னேரமே போய் வெட்டினாள்.

தொண்ணூற்றொன்று ஐப்பசியில் ஊர்காவற்றுறைப் பக்கம் ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கியது. இராணுவம் இறங்கிவிட்டது என்றார்கள். சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தீவை விட்டு வள்ளங்களில் எதிர்க்கரை அராலிப் பக்கம் போனது. குருசுமுத்து தன் வள்ளத்தில் அவர்களுக்கு இடம் வைத்திருந்தான். வைத்திலிங்கம் கோவையை ஒயில் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அரிசிப் பெட்டியை அவள் தூக்கினாள்.

வள்ளத்தடிக்கு வந்ததும் அவள் பெட்டியை இறக்கிவிட்டு, மதகடிக்கு ஒரு தடவை போக வேண்டும் என்றாள். வைத்திலிங்கம் உயிரைவிடப் பலகையா பெரிது என்று கேட்டார். குருசுமுத்து அவளோடு நடந்தான்.

பயிர் ஒரு சாண் உயரத்தில் பச்சையாக நின்றது. விதைத்த வருடங்களில் அதுதான் நல்ல முளை. பலகைகள் கரையில் அடுக்கிக் கிடந்தன. மழை தொடங்கிவிட்டது, இனித் தினமும் பெய்யும். பலகையைப் போட்டுவிட்டுப் போனால் வெள்ளம் வடிய வழியில்லை. போடாமல் போனால் முதல் வாடையில் கடல் ஏறும். எடுக்கவோ போடவோ ஒருவரும் இருக்கப் போவதில்லை.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டாள். அவனை அவள் நீர் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"திரும்பி வருவமோ, அக்கா?"

"அது எனக்குத் தெரியாது. வருவம் எண்டு வைச்சுச் சொல்லும்."

அவன் கடலைப் பார்த்தான். "அப்ப போடுங்கோ. மழைத்தண்ணி நிண்டால் இந்தப் போகம்தான் போகும். உப்பு ஏறிக் கழுவ ஆளில்லாமல் கிடந்தால் பிறகு நிலத்தை மீட்க ஏலாது."

அவன் எடுத்துக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றாக இறக்கினாள். இருபது வருடமாக எந்தத் தண்ணீரை வெளியே அனுப்பப் பாடுபட்டாளோ அதைத் தன் கையாலேயே உள்ளே அடைத்தாள். ஆறாவது பலகை தவாளிப்பில் இறுகி நின்றது. அதைக் காலால் மிதித்து இறக்கினாள். திரும்பி நடக்கும்போது வயலைப் பார்க்கவில்லை.

ஆனைக்கோட்டையில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரி சத்தியபாமா இளைப்பாறிய ஆசிரியை. முதல் மழையிலேயே வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கையின் தண்ணீர் அவர்களுடைய அறை வாசலுக்கு வந்தது. ஒழுங்கைக் கானை வீட்டுக்காரி வெட்டிப் போட்ட செவ்வரத்தம்பூக் கிளைகள் அடைத்திருந்தன. சிவக்கொழுந்து சொன்னபோது, குடிக்கத் தண்ணீர் இல்லாத தீவில் இருந்து வந்தவர்களுக்கு இங்கே தண்ணீர் கூடிப்போய்விட்டதாக்கும் என்று அந்த அம்மா சிரித்தாள். சிவக்கொழுந்து பக்கத்து வீட்டில் மண்வெட்டி இரவல் வாங்கி, தன் அறைச் சுவர் முடிகிற இடம் வரைக்கும் கானை வெட்டினாள். அதற்குமேல் ஓர் அங்குலமும் வெட்டவில்லை. மிச்சத்தை ஏன் விட்டாய் என்று வீட்டுக்காரி கேட்டதற்கு, வாய்க்கால் துப்புரவாக்கச் சங்கம் ஒன்று தொடங்குங்கள், என்னுடைய மனுசன் செயலாளராக இருப்பார் என்றாள்.

குருசுமுத்து குருநகரில் கூலிக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். மாதம் ஒரு தடவை சைக்கிளில் மீன் கொண்டுவருவான். வைத்திலிங்கம் தொண்ணூற்று நான்கில் மார்கழிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் இழப்பீடு கேட்டு எழுதிக்கொண்டுதான் இருந்தார். செத்தவீட்டில் அவருடைய கையெழுத்தைப் பலரும் புகழ்ந்தார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், மறுக்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் இராணுவம் நெருங்க, முழு யாழ்ப்பாணமும் எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, சத்தியபாமா தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு படலையடியில் நின்று அழுதாள். எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. சிவக்கொழுந்து மெசினை வாங்கி விறாந்தையில் வைத்துவிட்டு, குசினிக்குள் போய் அரிசியையும் ஒரு பானையையும் எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. வீதியின் இரு பக்கத்துக் கான்களும் தூர்ந்துபோய், சனம் முழங்கால் தண்ணீரில் நடந்தது. எந்தச் சங்கம் இதைப் பார்த்ததோ என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.